ரொட்டியும் இரவும்

விடிவதற்கு முன்பே முடிந்துவிடும் வேலைகளை உலகம் அறிவதில்லை. காலையில் கண் விழிக்கும் மனிதன் தன் முன்னே வந்து நிற்கும் பயனை மட்டுமே காண்கிறான். அப்பயனை உண்டாக்கிய உழைப்பு இருளோடு இருளாகக் கரைந்துவிடுகிறது. இவ்வாறு இரவில் பிறந்து காலையில் கைக்கு வரும் பொருள்களுள் ரொட்டி முதன்மையானது எனலாம். காப்பிக் கடையில் கரியடுப்பில் வாட்டிக் கயா தடவித் தரப்படும் ரொட்டியை உண்ணும் ஒருவர், அது எங்கே பிசையப்பட்டது, எத்தனை மணிக்கு அடுப்பேறியது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கு வாயில் தீர்ந்துபோகும் பொருளுக்கு வரலாறு தேடுவார் யார்?

ஆயினும் அந்த ரொட்டிக்குப் பின்னே இரு வகை உழைப்பாளிகள் இருக்கின்றனர். ஒரு வகையினர் கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்கள். மற்றொரு வகையினர் ஊர் உறங்கும் வேளையில் விழித்திருந்து மாவு பிசையும் மனிதர்கள். இவ்விருவரும் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒருவரையொருவர் அறியாமலே சேர்ந்து உழைத்து வந்தனர். வியப்பு யாதெனில், உலகம் இவ்விருவரையும் உற்றுப் பார்க்கத் தொடங்கியது ஏறத்தாழ ஒரே காலத்தில்தான். கண்டபின் இருவருக்கும் அது செய்தது என்ன என்பதே சிந்தனைக்குரியது.

ரொட்டிக்கு வேண்டுவன நான்கே: கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட். 100 பங்கு மாவுக்கு ஏறத்தாழ 60 முதல் 65 பங்கு நீரும் 2 பங்கு உப்பும் சேர்ப்பது பொதுவான வழக்கம். உலகில் தானியங்கள் பல உண்டு. அரிசியும் சோளமும் கேழ்வரகும் கோடிக்கணக்கான மக்களை வாழ்விக்கின்றன. எனினும் அவற்றின் மாவைப் பிசைந்து வைத்தால் கோதுமை மாவைப் போல் உப்பி எழுவதில்லை. கோதுமைக்கு இச்சிறப்பு வாய்த்ததற்குக் காரணம் அதிலுள்ள புரதமே. கிளையடின், குளூட்டெனின் என்னும் இரு வகைப் புரதங்கள் நீரோடு சேர்ந்து பிசையப்படும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, குளூட்டன் என்னும் வலையாக மாறுகின்றன. இத்தாலியின் போலோஞா நகரத்து அறிஞர் பெக்காரி, கோதுமை மாவை நீரில் அலசி மாச்சத்தை நீக்கி, எஞ்சிய பசையைத் தனியே பிரித்துக் காட்டினார். அவருடைய ஆய்வு 1745இல் அச்சேறியது. இந்தச் சோதனையை எவர் வீட்டுச் சமையற்கட்டிலும் செய்து பார்க்கலாம். பிசைந்த மாவு உருண்டையை நீர்க்குழாயின் கீழ்ப் பிடித்துக் கசக்கினால், வெண்மையான நீர் வடிந்துபோன பின் ரப்பரைப் போல் இழுபடும் ஒரு பொருள் கையில் மிஞ்சும். ரொட்டி சானாய் போடுபவர் மாவை விசிறி வீசி மெல்லிய திரையாக்குவதும் இந்த வலையின் வலிமையால்தான்.

வலை பின்னியாயிற்று, அதனுள் வாயுவை நிரப்புவது யார்? அதுவே ஈஸ்டின் பணி. ஈஸ்ட், காளான் இனத்தைச் சேர்ந்த ஓரணு உயிர். ஒரு மில்லிமீட்டரை 1000 கூறுகளாக்கினால் அவற்றுள் 5 முதல் 10 கூறுகள் வரையே அதன் அளவு இருக்கும். கட்டியாக அழுத்தி விற்கப்படும் ஈஸ்டில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 1000 கோடி உயிரணுக்கள் உண்டு. கோதுமை மாவுக்கே உரிய நொதிகள், அதன் மாச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அச்சர்க்கரையை உண்டு ஈஸ்ட் கரியமில வாயுவையும் சாராயத்தையும் வெளியிடுகிறது. சாராயத்தின் பெரும்பகுதி அடுப்புச் சூட்டில் ஆவியாகிவிடும். வாயுவோ, பிசையும்போது மாவுக்குள் அகப்பட்ட சிறு காற்றுக் குமிழிகளில் புகுந்து அவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது. ஈஸ்ட் புதிய குமிழிகளைப் படைப்பதில்லை. மனிதனின் கை உள்ளே செலுத்திய காற்றைத்தான் அது பெருக்குகிறது. ஆகவே பிசைபவரின் உழைப்பும் ஈஸ்டின் உழைப்பும் ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படுவதில்லை.

தமிழர்க்கு இவ்வியற்கை புதிதன்று. இரவில் அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்பதும், கள் சேர்த்த ஆப்ப மாவு நுரைத்து எழுவதும் இத்தகைய நுண்ணுயிர்களின் செயலே. இட்லி மாவில் முதன்மையாக உழைப்பவை பாக்டீரியாக்கள். அரிசியிடம் இல்லாத பிணைப்பை அங்கே உளுந்து தருகிறது. இருப்பினும் இட்லிக்குத் தட்டின் குழி துணை நிற்க வேண்டும். நன்கு பிசைந்த கோதுமை மாவோ தன் வலையால் தன்னையே தாங்கிக்கொண்டு எழுகிறது.

இவ்வாறு எழுந்த மாவு அடுப்புக்குள் சென்றதும் ஒரு சிறு நாடகமே நடைபெறுகிறது. முதல் சில நிமிடங்களில் வெப்பம் ஈஸ்டை விரைவுபடுத்துகிறது, வாயு விரிகிறது, ரொட்டி திடீரென உயர்கிறது. 55 முதல் 60 பாகை செல்சியசுக்குள் ஈஸ்ட் மடிந்துவிடுகிறது. அதன்பின் மாச்சத்து நீரை உறிஞ்சிப் பருக்கிறது. புரத வலை இறுகி நிலைபெறுகிறது. அடுப்பின் சூடு 200 பாகைக்கு மேல் இருப்பினும், உள்ளே நீர் உள்ளவரை ரொட்டியின் நடுப்பகுதி 100 பாகையைத் தாண்டுவதில்லை. வெளிப்புறம் மட்டும் உலர்ந்து, புரதமும் சர்க்கரையும் சூட்டில் கலந்து, பொன்னிறமும் மணமும் பெறுகிறது. இம்மாற்றத்தை 1912இல் விளக்கிய பிரெஞ்சு வேதியியலார் மயார் என்பவரின் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. தெருக்கோடி வரை வந்து பசியைத் தூண்டும் ரொட்டி மணம், தன் வேலை முடிந்ததும் உயிர்விட்ட கோடானுகோடி உழைப்பாளிகளின் மேல் எழும் மணம் என்று சொன்னால் மிகையாகாது.

மனிதன் உழவு கற்ற பின்னரே ரொட்டி சுட்டான் என்று அறிஞர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் 2018இல் மாறிற்று. யோர்தான் நாட்டின் வடகிழக்குப் பாலைநிலத்தில், சுபைக்கா என்னும் இடத்தில், பழைய கல்லடுப்புகளில் கரிந்து கிடந்த ரொட்டித் துணுக்குகள் கண்டெடுக்கப்பட்டதாக அவ்வாண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். அவற்றின் அகவை ஏறத்தாழ 14,400 ஆண்டுகள். உழவு தோன்றுவதற்கு ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பே, காட்டுத் தானியங்களைப் பொறுக்கி, இடித்து, நீரில் குழைத்துத் தட்டையாகச் சுட்டு உண்டிருக்கின்றனர் அம்மக்கள்.

உப்பி எழும் ரொட்டி பழைய எகிப்தில் பெருவழக்காயிற்று. மாவை மூடி வைத்தால் புளிக்கும், புளித்தால் எழும், எழுந்ததில் ஒரு பிடியை எடுத்து வைத்தால் மறுநாள் மாவையும் அது எழுப்பும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்துகொண்டனர். காரணம் எவருக்கும் தெரியாது; பயன் எல்லார்க்கும் தெரிந்தது. எகிப்தில் உழைப்பவர்க்கு நாணயம் இல்லை. ரொட்டியும் பார்லி மதுவும், அவற்றைச் செய்வதற்கான தானியமுமே கூலி. அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து அழகுபடுத்திய தொழிலாளர்கள் தெய்ர் எல் மதீனா என்னும் சிற்றூரில் வாழ்ந்தனர். கி.மு. 12ஆம் நூற்றாண்டில், மூன்றாம் இராமசேசு மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டில், அவர்களுக்குரிய தானியம் உரிய நாளில் வரவில்லை. பசித்த தொழிலாளர் கருவிகளை வைத்துவிட்டு வெளியேறிக் கோயிலின் புறத்தே சென்று அமர்ந்தனர். அச்செய்தி எழுதப்பட்ட பாப்பிரஸ் ஏடு இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே என்பர். உழைப்பாளியின் குரல் வரலாற்றில் முதன்முதலாக ஒலித்தபோது, அது ரொட்டிக்கான தானியத்தைக் கேட்டே ஒலித்திருக்கிறது.

உரோமப் பேரரசில் ரொட்டி பெருந்தொழிலாயிற்று. உரோமை நகரின் போர்த்தா மச்சோரே வாயிலருகே யூரிசாக்கஸ் என்னும் ரொட்டி வணிகர் கட்டிய கல்லறை இன்றும் நிற்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அக்கல்லறையின் மேற்புறத்தில், தானியத்தை அரைத்தல், மாவைப் பிசைதல், உருட்டுதல், அடுப்பிலிடுதல், நிறுத்தல் ஆகிய பணிகள் யாவும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஒரு தொழிலை இத்துணைப் பெருமிதத்தோடு காட்டும் நினைவுச் சின்னங்கள் பழைய உலகில் அரியவை. அதில் வணிகரின் பெயர் இருக்கிறது. மாவு பிசைவோர் உருவங்கள் இருக்கின்றன. அவர்தம் பெயர்கள் இல்லை.

அப்பெயரற்றவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைப் பொம்பெயி நகரம் காட்டுகிறது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்நகரின் ஓர் அடுப்பிலிருந்து 81 ரொட்டிகள் கரிந்த நிலையில் எடுக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரில் மற்றொரு ரொட்டிச்சாலை கண்டறியப்பட்டதாகச் செய்தி வந்தது. அதன் சிறு சாளரங்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. அங்கிருந்து நேரே தெருவுக்குச் செல்ல வழியில்லை. வீட்டுக்குள் செல்லவே வழி இருந்தது. அடிமைகளும் கழுதைகளும் அங்கே அடைக்கப்பட்டு எந்திரக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தனர் என்பது ஆய்வாளர் முடிவு. விலங்குகள் தடம் மாறாமல் நடப்பதற்காகத் தரைக்கல்லில் வளைவான பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. ஒரே தொழில், ஒரே பேரரசு. வணிகருக்கு வானளாவிய கல்லறை. உழைப்பவருக்குக் கம்பியிட்ட சாளரம்.

சொற்களும் இக்கதையையே சொல்கின்றன. ஆங்கிலத்தில் பெருமகனைக் குறிக்கும் 'லார்டு' என்னும் சொல், பழைய ஆங்கிலத்தில் ரொட்டியைக் காப்பவன் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. 'லேடி' என்னும் சொல்லின் பழம்பொருள் ரொட்டிக்கு மாவு பிசைபவள் என்பதாம். ரொட்டியைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவனே தலைவன். பிறர் அவனிடம் கைநீட்டிப் பெற்றவர்கள்.

இனி, கண்ணுக்குத் தெரியாத உழைப்பாளிகள் எவ்வாறு கண்டறியப்பட்டனர் என்பதைக் காண்போம். 1680இல் ஒல்லாந்து நாட்டு லேவன்ஹுக், தாம் தேய்த்த கண்ணாடி வில்லையின் வழியே பீர் நுரையை நோக்கி, அதில் நுண்ணிய உருண்டைகள் இருப்பதைக் கண்டார். ஆயினும் அவை உயிருள்ளவை என்று அவர் கொள்ளவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின், 1837ஆம் ஆண்டளவில், பிரான்சில் கான்யார் தெ லா தூரும் செருமனியில் சுவானும் கூட்சிங்கும் தனித்தனியே ஆய்ந்து, ஈஸ்ட் ஓர் உயிரே என்று அறிவித்தனர். அந்நாளில் வேதியியலில் பெரும்புகழ் பெற்றிருந்த லீபிக் இதனை ஏற்கவில்லை. நொதித்தல் வெறும் வேதிச் சிதைவே என்று வாதிட்டார். 1857 முதல் பாஸ்டர் செய்த ஆய்வுகள், உயிருள்ள ஈஸ்டின் செயலே நொதித்தல் என்பதை நிலைநாட்டின. 1897இல் புக்னர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்த சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் காட்டி, உயிருக்குள் இயங்கும் வேதியியலை விளக்கினார். அதற்காக 1907இல் நோபல் பரிசும் பெற்றார். 1996இல் ஈஸ்டின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து முடிக்கப்பட்டது. உட்கருவுடைய உயிர்களுள் அவ்வாறு முழுமையாகப் படிக்கப்பட்ட முதல் உயிர் அதுவே. பானையின் அடியில் பெயரின்றிக் கிடந்த உழைப்பாளி, இன்று அறிவியலின் அரியணையில் அமர்ந்திருக்கிறது.

மனித உழைப்பாளியைக் கண்டவர் யார்? இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிறர் உறங்கும் இரவில் உழைத்து, பிறர் உழைக்கும் பகலில் உறங்குவோர் என்று ரொட்டித் தொழிலாளரை அதில் அவர் குறிப்பிட்டார். மூச்சோடு உட்செல்லும் மாவுத்தூசி அவர்தம் மார்பைத் தாக்குவதையும் எழுதினார். இன்றைய மருத்துவமும் மாவுத்தூசியால் வரும் ஈளை நோயை ரொட்டித் தொழிலின் பெயராலேயே குறிக்கிறது. எனினும் ராமசினியின் குரல் ஏடுகளோடு நின்றது.

1862இல், பாஸ்டரின் ஆய்வுகள் ஐரோப்பாவில் பேசப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், இலண்டன் ரொட்டித் தொழிலாளரின் குறைகளை விசாரித்த திரிமென்ஹீர் என்னும் அதிகாரியின் அறிக்கை வெளியாயிற்று. இரவு 11 மணியளவில் வேலை தொடங்கும். தொழிலாளி மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, அது எழும் வரை, பிசையும் பலகையின் மேலேயே ஓரிரு மணி நேரம் படுத்திருப்பான். ஈஸ்ட் உழைக்கும் நேரமே அவனுக்குக் கிடைத்த உறக்கம். பின் எழுந்து பல மணி நேரம் ஓயாத வேலை. விடிந்தபின் ரொட்டியைச் சுமந்து வீடு வீடாகக் கொடுத்துவர வேண்டும். காற்றோட்டமில்லாத நிலவறைகளே பெரும்பாலும் ரொட்டிச்சாலைகள். அத்தொழிலாளர் 42 வயதை எட்டுவதே அரிது என்பதும் அந்நாளைய பதிவுகளில் உண்டு. ரொட்டியில் கலந்திருந்த அழுக்கையும் கலப்படத்தையும் அறிந்துதான் மக்கள் பெரிதும் கொதித்தனர். அவ்விசாரணை மக்களின் நெஞ்சைத் தொடுவதற்கு மாறாக வயிற்றையே தொட்டது என்னும் கருத்தில், 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலில் கார்ல் மார்க்ஸ் எள்ளிச் சுட்டினார். 1863இல் ஒரு சட்டம் பிறந்தது. 18 வயதுக்குட்பட்டோரை இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை ரொட்டிச்சாலைகளில் வேலை வாங்கக் கூடாது என்று அது விதித்தது. வயது வந்தோரின் இரவு இரவாகவே நின்றது.

அட்லாண்டிக் கடலின் மறுகரையிலும் இதே போராட்டம் நடந்தது. நியூயார்க் மாநிலம் 1895இல், ரொட்டித் தொழிலாளி நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கும் மேல் உழைக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அதனை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்ட லாக்னர் என்னும் ரொட்டிச்சாலை உரிமையாளர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1905இல் 9 நீதிபதிகளுள் 5 பேர், அச்சட்டம் ஒப்பந்த உரிமையைப் பறிக்கிறது என்று கூறி அதனை நீக்கினர். முதலாளியும் தொழிலாளியும் தாம் விரும்பிய நேரத்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை உடையவராம்! பசித்தவன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் விருப்பம் எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு என்று அவர்கள் நிறுத்துப் பார்க்கவில்லை. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி ஹார்லன், மாவுத்தூசியும் வெப்பமும் உறக்கமின்மையும் அத்தொழிலாளரின் உடலைக் கெடுப்பதை மருத்துவர் கூற்றுகளால் எடுத்துக்காட்டினார். அத்தீர்ப்பின் வழியிலிருந்து அந்நீதிமன்றம் விலகி வர 1937 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிரான்சு 1919இல் துணிந்து ஒரு சட்டம் செய்தது. இரவு 10 மணி முதல் காலை 4 மணி வரை ரொட்டி செய்வதற்குத் தொழிலாளரை அமர்த்தலாகாது என்பது அதன் விதி. 1925இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் ரொட்டிச்சாலைகளில் இரவு வேலையைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. உரிமையாளரையும் அது விட்டுவைக்கவில்லை. தொழிலாளியை உறங்க அனுப்பிவிட்டு அவர் தாமே இரவில் ரொட்டி சுடுவதையும் தடுத்தது. ஒரு தனித் தொழிலின் இரவைக் காப்பதற்காக உலக நாடுகள் கூடிப் பேசியது பெருஞ்செய்தியே. ஆயினும் பெரும்பாலான நாடுகள் அவ்வுடன்படிக்கையை ஏற்காமலே விட்டன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இந்த இரவு வேலை இயற்கை விதித்ததா, மனிதன் விதித்ததா? மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பெரட்டுக்கு இருட்டில் எழுந்து சென்ற பால்வெட்டுத் தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். அவ்விடியலை மரமே விதித்தது. ஈஸ்ட் அவ்வாறு எதையும் விதிப்பதில்லை. அதற்குப் பகலும் இரவும் ஒன்றே. பிசைந்து, எழவிட்டு, அமுக்கி, உருட்டி, மீண்டும் எழவிட்டுச் சுட்டு எடுக்கப் பழைய முறையில் பல மணி நேரம் ஆகும். அந்நேரம் இரவில் விழுந்ததற்குக் காரணம், காலையில் சுடச்சுட ரொட்டி வேண்டும் என்னும் வாங்குவோரின் ஆசையே.

அந்த ஆசைக்கும் அறிவியல் காரணம் உண்டு. ரொட்டி சுட்ட சில மணி நேரத்திலேயே தன் மென்மையை இழக்கத் தொடங்கிவிடும். ஈரம் உலர்வதால்தான் அவ்வாறு ஆகிறது என்று பலரும் எண்ணுவர். 1852இல் பூசேங்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர், ஈரம் குறையாத ரொட்டியும் பழையதாகிக் கெட்டிப்படுவதையும், மீண்டும் சூடாக்கினால் மென்மை திரும்புவதையும் காட்டினார். வெந்து நெகிழ்ந்த மாச்சத்து, ஆறியபின் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதே காரணம். குளிர்ப்பெட்டியில் வைத்த ரொட்டி வெளியில் வைத்ததைவிட விரைவில் கெட்டியாவதும் இதனால்தான். சுட்ட ரொட்டிக்குக் குளிர்ப்பெட்டி ஆகாது. சுடாத மாவுக்கோ அதுவே நல்ல துணை. குளிரில் ஈஸ்ட் அடங்கி, மிக மெதுவாக உழைக்கும். பகலில் பிசைந்து உருட்டிய மாவை இரவெல்லாம் குளிரில் வைத்துக் காலையில் சுட்டு எடுக்கலாம்; சுவையும் கூடும். ஈஸ்டை இரவுக் காவலுக்கு நிறுத்திவிட்டு மனிதன் உறங்கப் போகலாம். குளிரூட்டும் கருவி வந்தபின் இவ்வழி திறந்தே இருக்கிறது.

தொழில் உலகமோ பெரிதும் வேறு வழியை நாடியது. 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட் என்னும் ஊரிலுள்ள ஆய்வுக்கூடம், மாவை மிகு விசையோடு சில நிமிடங்களில் பிசையும் முறையைக் கண்டது. எந்திரத்தின் ஆற்றலும், உடன் சேர்க்கும் வைட்டமின் சி, கொழுப்பு முதலியனவும், ஈஸ்ட் மணிக்கணக்கில் செய்த பணியின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டன. மாவு மூட்டையில் தொடங்கி, துண்டாக்கி உறையிட்ட ரொட்டி வரை ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் போதும். புரதம் குறைந்த உள்நாட்டுக் கோதுமையும் அதனால் பயன்பட்டது, விலை இறங்கிற்று, ஏழைக்கும் மென்மையான ரொட்டி கிடைத்தது. இந்நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. அதே வேளையில், மெல்லப் புளித்த மாவின் மணமும் சுவையும் குறைந்தன. மிச்சமான நேரம் தொழிலாளியின் உறக்கத்துக்குப் போய்ச் சேரவும் இல்லை. எந்திரம் ஓயாது சுழல வேண்டும் என்பதால் ஆலைகளில் இரவு முறையும் தொடர்ந்தது. நேரத்தைச் சுருக்கக் கற்ற அறிவு, சுருக்கிய நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதைக் கற்றுத் தரவில்லை.

ரொட்டியின் பயணத்தில் தமிழரும் பங்கு கொண்டுள்ளனர். போர்ச்சுக்கீசியர் வழியே வந்த 'பாண்' என்னும் சொல் ஈழத்தமிழில் நிலைத்துவிட்டது. இந்திய மொழிகளின் 'ரொட்டி' மலாய் மொழியிலும் வேரூன்றிவிட்டது. தோட்டத்து லயன்களுக்குச் சைக்கிளில் ரொட்டியும் பன்னும் கொண்டுவந்த ரொட்டிக்காரரின் மணியோசை, ஒரு தலைமுறையின் இளமை நினைவோடு கலந்திருக்கிறது. பினாங்கில் இந்திய முஸ்லிம்கள் சுட்டு விற்று வந்த பருமனான ரொட்டிக்கு 'ரொட்டி பெங்காலி' என்று பெயர். அதற்கும் வங்காளத்துக்கும் தொடர்பில்லை, கூட்டாகத் தொழில் நடத்தியவர்களைக் குறித்த 'பங்காளி' என்னும் தமிழ்ச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்று கூறுவோர் உளர். அவ்விளக்கம் வரலாற்று உண்மையோ, வாய்மொழிக் கதையோ, பொருளால் அழகுடையது. ஏனெனில் ஆங்கிலத்தில் தோழனைக் குறிக்கும் சொல்லும், இலத்தீன் மொழியில் ரொட்டியை உடன் பகிர்ந்து உண்பவன் என்னும் பொருளிலிருந்தே பிறந்தது. மேற்கே ரொட்டியைப் பகிர்பவன் தோழனானான். பினாங்கில் பங்கு கொள்பவன் ரொட்டிக்கே பெயரானான்.

பங்கு என்னும் அச்சொல்லில்தான் ரொட்டியின் நீதி அடங்கியிருக்கிறது. மாவுக்குள் உழைத்த நுண்ணுயிரின் பங்கை அறிவியல் கணக்கிட்டு எழுதிவிட்டது. அதன் மரபணுக்களைக் கூட ஒன்றொன்றாக எண்ணி முடித்துவிட்டது. அதனோடு விழித்திருந்த மனிதனின் பங்கு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. கூலி ஒரு பகுதி. அவன் இழந்த உறக்கமும் சுவாசித்த தூசியும் மறு பகுதி. அறிவு வளர வளரப் புளிக்கும் நேரம் குறைந்தது, வெண்மை கூடிற்று, விலை இறங்கிற்று. அவ்வறிவு உழைப்பவனின் இரவையும் அவனுக்கே மீட்டுக் கொடுக்கும் நாள் வருமாயின், அன்றுதான் ரொட்டி செய்யும் கலை நிறைவு பெற்றது என்று துணிந்து சொல்லலாம்.